ஃபுளூரோபலபடிக் குழாய் உள்ளுறைகளில் நானோதுகள் வலுவூட்டல்: இடைமுகத்தின் இன்றியமையாமை

ஆய்வுச் சுருக்கம்

அமிலம், குளோரின், புரோமின் முதலான அரிக்கும் பாய்மங்களைக் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்களின் உட்புறத்தே ஃபுளூரோபலபடிகளால் உறை அமைப்பது வேதித் தொழிலகங்களில் நிலைபெற்ற முறையாகும். இவ்வுறைகள் வேதித் தாக்குதலைத் தாங்குவன. ஆயினும் வளிமங்கள் மெல்ல ஊடுபுகுவதையும், அழுத்தத்தில் உருக்குலைவதையும், உராய்வில் தேய்வதையும் முற்றிலும் தடுக்க இயலாதன. இக்குறைகளைக் களைய நானோதுகள்களைச் சேர்க்கும் முயற்சிகள் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றன. துகளின் அளவும் வகையும் மட்டுமே பயனை உறுதி செய்வதில்லை. பலபடியும் துகளும் சந்திக்கும் இடைமுகமே வலுவூட்டலையும் வலுவிழப்பையும் பிரிக்கும் எல்லை என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீடுகளாலும் அலுமினா ஆய்வுகளின் சான்றாலும் விளக்குகிறது. இத்துறைக்குரிய தமிழ்க் கலைச்சொற்களின் பொருள் வரையறை, பணியிடப் பாதுகாப்புடன் கொண்டுள்ள தொடர்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஃபுளூரோபலபடி, நானோதுகள், உள்ளுறை, இடைமுகம், ஊடுபுகல், கசிவு, அறிவியல் தமிழ்.

1. முன்னுரை

உலோக அரிப்பால் உலகம் ஆண்டுதோறும் இழக்கும் செல்வம் மிகப் பெரிது. அரிப்புத் துறைப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான நேஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவ்விழப்பை 2.5 இலட்சம் கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிட்டது. இஃது 2013ஆம் ஆண்டின் உலக மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 3.4 விழுக்காடாகும். பண இழப்பினும் கொடியது மனித இழப்பு. நீர்த்த அமிலக் குழாயொன்று அரிபட்டு உடையுமாயின், முதலில் அதனை எதிர்கொள்பவர் அருகில் நின்று பணிபுரிபவரே. ஆகவே குழாயின் உட்புறக் காப்பு என்பது பொருளறிவியல் சிக்கலாக இருக்கும் அளவிற்கு உயிர்க்காப்புச் சிக்கலாகவும் உள்ளது.

இக்கட்டுரையில் 'உள்ளுறை' என்னும் சொல், குழாயின் உட்சுவரை ஒட்டி அமையும் காப்புறையைக் குறிக்கிறது. அகப்பாடல் மரபில் இச்சொல் பெறும் இலக்கணப் பொருள் இங்குக் கருதப்படவில்லை. 'இடைமுகம்' என்பது இருவேறு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைப் பரப்பு. 'நானோதுகள்' என்பது ஏதேனும் ஒரு பரிமாணத்திலேனும் 100 நானோமீட்டருக்குக் குறைவான அளவுடைய துகள். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கியதில் ஒரு கூறாகும்.

2. ஃபுளூரோபலபடிகளின் இயல்பு

1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் நியூ செர்சியில் உள்ள டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட், டெட்ராஃபுளூரோஎத்திலீன் நிரப்பிய உருளையொன்றைத் திறந்தபோது வளிமம் வெளிவரவில்லை. உருளையின் எடையோ குறையவில்லை. அதனை அறுத்துப் பார்த்தபோது மெழுகு போன்ற வெண்தூள் காணப்பட்டது. தானே பலபடியாகிவிட்ட அப்பொருளே பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன். பின்னர் அது டெஃப்லான் என்னும் வணிகப் பெயரால் உலகறிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடு என்னும் கடும் அரிப்பு வளிமத்தைக் கையாளும் அடைப்பான்களுக்கு இது பயன்பட்டது. இப்பொருளின் முதற்பெரும் பணியே அரிப்புக் காப்பாக அமைந்தது கருதத்தக்கது.

இதன் தாங்குதிறனுக்குக் காரணம் மூலக்கூற்றின் கட்டமைப்பு. கார்பன்–ஃபுளூரின் பிணைப்பின் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 485 கிலோஜூல். கார்பன்–ஹைட்ரசன் பிணைப்பினும் இது வலியது. மேலும், கார்பன் சங்கிலியைச் சுற்றி ஃபுளூரின் அணுக்கள் நெருங்கிச் சூழ்ந்து, வெளியிலிருந்து வரும் வினைபொருள் கார்பனை அணுகாதவாறு காக்கின்றன. இதனால் இப்பலபடி 260 பாகை செல்சியசு வரை தொடர்ந்து பயன்படத்தக்கது. உருகிய கார உலோகங்கள், தனிம ஃபுளூரின் போன்ற சிலவற்றைத் தவிரப் பெரும்பாலான வேதிப்பொருள்களைத் தாங்கவல்லது.

இக்குடும்பத்தில் பின்னர்த் தோன்றிய எஃப்.இ.பி., பி.எஃப்.ஏ., இ.டி.எஃப்.இ., பி.வி.டி.எஃப். ஆகியன உருக்கி வார்க்கத்தக்கன. இவற்றுள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. சான்றாக, பி.வி.டி.எஃப். இயந்திர வலிமை மிக்கதாயினும் வலிய காரங்களால் தாக்கப்படும். ஏறத்தாழ 150 பாகைக்கு மேல் பயன்படாது. குழாயில் ஓடும் பாய்மத்தின் இயல்பே உறைப்பொருளின் தேர்வை முடிவு செய்கிறது.

3. குறைகள்: ஒட்டாமையும் ஊடுபுகலும்

எதனோடும் வினைபுரியாத பொருள் எதனோடும் ஒட்டுவதுமில்லை. பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன் தன் காப்புத்திறனுக்குக் கொடுக்கும் விலை இதுவே. பெரும்பாலான குழாய்களில் உறை எஃகுடன் பிணைக்கப்படாமல் உள்ளே செருகப்பட்டு, இரு முனைகளிலும் விளிம்புத் தட்டுகளின் மேல் மடித்துவிடப்படுகிறது. எனவே எஃகும் உறையும் தத்தம் போக்கில் விரியவும் சுருங்கவும் செய்கின்றன. எஃகின் நீள்விரிவெண் பாகைக்கு ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 12 கூறு. உறையினதோ ஏறத்தாழ பத்து மடங்கு மிகுதி. 3 மீட்டர் நீளமுள்ள குழாயின் வெப்பநிலை 100 பாகை உயரும்போது, எஃகு 3.6 மில்லிமீட்டர் மட்டுமே நீளும். கட்டற்ற நிலையிலிருப்பின் உறை 36 மில்லிமீட்டர் நீள முற்படும். முனைகளில் கட்டுண்டிருப்பதால் இவ்வேறுபாடு முழுவதும் உறைக்குள் தகைவாக மாறுகிறது. ஒவ்வொரு வெப்பச் சுழற்சியிலும் இது திரும்ப நிகழ்கிறது.

இரண்டாவது குறை நுட்பமானது. முழுமையான, துளையற்ற உறையின் ஊடாகவும் ஹைட்ரசன் குளோரைடு, குளோரின், ஹைட்ரசன் ஃபுளூரைடு போன்றவற்றின் மூலக்கூறுகள் மெல்லப் புகுந்து எஃகை அடைகின்றன. இவை உறையின் உட்பரப்பில் கரைந்து, சங்கிலிகளுக்கு இடையேயான வெளிகளில் விரவி, மறுபரப்பில் வெளியேறுகின்றன. கரைதிறனும் விரவற்கெழுவும் பெருக்கக் கிடைப்பதே ஊடுபுகுதிறன். உறையின் தடிமனை இரட்டித்தால் ஊடுபுகும் அளவு பாதியாகும். முதன்முதலில் மறுபுறத்தை அடைய ஆகும் காலம் நான்கு மடங்காகும். காலத்தைத் தள்ளிப்போடலாமேயன்றித் தடிமனால் மட்டும் நிகழ்வை ஒழித்துவிட இயலாது.

இவ்வாறு புகுந்த வளிமம் எஃகுக்கும் உறைக்கும் இடையே தேங்கினால் அழுத்தம் பெருகும். குழாய்க்குள் அழுத்தம் தாழும் வேளையில் அது உறையை உள்நோக்கி நொறுக்கிவிடும். இதனைத் தவிர்க்கவே எஃகுச் சுவரில் சிறு போக்குத் துளைகள் இடப்படுகின்றன. அத்துளைகள் குழாயின் மூச்சு வழிகள் எனலாம்.

மூன்றாவதாக, இப்பலபடி நீடித்த சுமையின்கீழ் மெல்ல ஊர்ந்து உருமாறும். திண்மத் துகள்கள் கலந்த குழம்பு பாய்கையில் எளிதில் தேயும். கண்ணாடி இழை போன்ற பெருந்துகள் நிரப்பிகளை 15 முதல் 25 விழுக்காடு வரை சேர்த்து ஊர்வைக் குறைக்கும் முறை அடைப்பு வளையங்களில் பழகிய ஒன்று. ஆயினும் அரிக்கும் பாய்மக் குழாய்களின் உறைகளுக்குப் பெரும்பாலும் நிரப்பி சேராத தூய பிசினே பயன்படுகிறது. நிரப்பியும் பலபடியும் ஒட்டாத இடங்கள் ஊடுபுகலுக்கு வழியாவதும், நிரப்பியையே பாய்மம் தாக்குவதும் இதற்குக் காரணங்கள். நானோதுகள்கள் மீதான நாட்டம் இங்கிருந்தே தொடங்குகிறது. மிகச் சிறிய அளவில் சேர்த்து, தூய பிசினின் நன்மைகளை இழக்காமல் வலிமை பெற இயலுமா என்பதே வினா.

4. அளவு சிறுக்கப் பரப்பு பெருகல்

20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கா உருண்டையை 20 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 100 கோடி உருண்டைகள் கிடைக்கும். மொத்தப் பருமன் மாறாது. பரப்பு 1000 மடங்காகும். சிலிக்காவின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம் எனக் கொண்டால், பெருந்துகள் நிலையில் ஒரு கிராமின் பரப்பு 0.14 சதுர மீட்டர் அளவே. நானோ நிலையிலோ அது ஏறத்தாழ 136 சதுர மீட்டர். ஒரு சிறு வீட்டின் தரைப்பரப்பு ஒரு கிராம் தூளுக்குள் மடிந்துகிடக்கிறது.

இப்பரப்பு முழுவதும் பலபடியைத் தொடும் இடைமுகமாக அமையத்தக்கது. அதன் அருகிலுள்ள சங்கிலிகளின் இயக்கம் கட்டுப்படுகிறது, படிகமாதல் மாறுகிறது, சுமை பலபடியிலிருந்து துகளுக்குக் கடத்தப்படுகிறது. பாலிஅமைடில் சில விழுக்காடு களிமண் தகடுகளை மட்டும் பிரித்துப் பரப்பி அதன் விறைப்பையும் வெப்பத் தாங்குதிறனையும் பெரிதும் உயர்த்திய சப்பானின் டொயோட்டா ஆய்வகத்தின் பணி, 1990களின் தொடக்கத்தில் இத்துறைக்கு நம்பிக்கையூட்டியது. ஆனால் பாலிஅமைடு முனைவுத்தன்மை உடையது. களிமண்ணுடன் இயல்பாகப் பிணைவது. ஃபுளூரோபலபடியோ பிணைய மறுப்பது. ஒன்றில் வென்ற முறையை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த இயலாமைக்கு இவ்வேறுபாடே முதற்காரணம். ஒட்டாத துகளைச் சேர்த்தால், ஒரு கிராமுக்கு 136 சதுர மீட்டர் பிணைப்பு கிடைப்பதற்கு மாறாக, அதே அளவு பிளவுப்பரப்பு கிடைக்கும் இடர்ப்பாடும் உண்டு.

5. வடிவமும் தடைவழியும்

ஊடுபுகும் மூலக்கூற்றின் பாதையில் ஊடுபுகவியலாத் தகடுகளை அடுக்கினால், அது சுற்றிச் சுற்றிச் செல்ல நேரும், பாதை நீளும். இக்கருத்தை நீல்சன் 1967ஆம் ஆண்டில் எளிய சமன்பாடாக அமைத்தார். துகளின் பருமப் பங்கை ஒன்றிலிருந்து கழித்து, தகட்டின் நீளத் தடிமத் தகவில் பாதியைப் பருமப் பங்கால் பெருக்கி ஒன்றுடன் கூட்டிய தொகையால் வகுக்க, புதிய ஊடுபுகுதிறனுக்கும் பழையதற்குமான விகிதம் கிடைக்கும்.

பருமனில் 2 விழுக்காடு துகள் சேர்ப்பதாகக் கொள்வோம். துகள் எல்லாப் பக்கமும் ஒத்த அளவினதாயின் தகவு 1, விகிதம் 0.97. அதாவது, 3 விழுக்காடு மட்டுமே குறைகிறது. தகவு 100 உள்ள களிமண் தகடாயின் விகிதம் 0.49, பாதிக்கும் மேல் குறைகிறது. தகவு 1000 உள்ள கிராஃபீன் தகட்டை 1 விழுக்காடு மட்டும் சேர்த்தாலும் விகிதம் 0.17 அளவிற்குத் தாழ்கிறது. எனவே ஊடுபுகலைத் தடுப்பது நோக்கமாயின் உருண்டைத் துகள்கள் பயனில்லை. தகட்டுத் துகள்களே நாடத்தக்கன.

இக்கணக்கு மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. தகடுகள் தனித்தனியே பிரிந்திருத்தல் வேண்டும். குழாய்ச் சுவருக்கு இணையாகக் கிடத்தல் வேண்டும். பலபடியுடன் இடைவெளியின்றிப் பொருந்தியிருத்தல் வேண்டும். 100 தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டால் தகவு 100 என்பது 1 ஆகிவிடும். தகட்டின் ஓரமாக நுண்ணிய வெற்றிடம் இருப்பின், சுற்றுவழியாக எண்ணியது குறுக்குவழியாகிவிடும். சமன்பாடு இடைமுகத்தைக் குறையற்றதாக எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் அதுவே உழைத்துப் பெற வேண்டியது.

6. அலுமினா காட்டும் பாடம்

துகளின் அளவினும் அதன் பரப்பியல்பே முதன்மை என்பதற்கு, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சாயரும் பர்ரிசும் பிறரும் மேற்கொண்ட ஆய்வுகள் சிறந்த சான்று. 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 38 நானோமீட்டர் அளவிலான அலுமினாத் துகள்களை எடையில் 20 விழுக்காடு சேர்த்தபோது பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீனின் தேய்மானத் தாங்குதிறன் ஏறத்தாழ 600 மடங்கு உயர்ந்தது. 2006ஆம் ஆண்டு ஆய்விலோ, ஒழுங்கற்ற வடிவமுடைய 80 நானோமீட்டர் ஆல்ஃபா நிலை அலுமினாவை ஒரு விழுக்காட்டு அளவில் சேர்த்தபோதே ஏறத்தாழ 3000 மடங்கு உயர்வு கிட்டியது. துகள் பெரிதாகியும் அளவு குறைந்தும் பயன் கூடியது. 'சிறிதாக்குக, மிகுதியாகச் சேர்க்க' என்னும் எளிய எதிர்பார்ப்புக்கு இஃது எதிரானது.

பின்வந்த ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின. உராய்வின்போது பலபடிச் சங்கிலிகள் அறுபடுகின்றன. அறுந்த முனைகள் காற்றிலுள்ள ஆக்சிசனோடும் ஈரப்பதத்தோடும் வினைபுரிந்து கார்பாக்சிலேட்டுத் தொகுதிகளாகின்றன. அத்தொகுதிகள் ஒருபுறம் அலுமினாவின் பரப்பையும் மறுபுறம் எதிரே உராயும் எஃகின் பரப்பையும் பற்றிக்கொள்கின்றன. இதனால் மெல்லிய, உறுதியான காப்புப் படலம் உருவாகிறது. எதனோடும் ஒட்டாத பலபடி, அறுபட்ட முனையின் வழியாக ஒட்டத் தொடங்குகிறது. வலுவூட்டல் இங்குத் துகளின் கடினத்தால் வந்ததன்று. வேதிப் பிணைப்பால் வந்தது.

இம்முடிவைக் குழாய் உறைகளுக்குப் பொருத்துங்கால் எச்சரிக்கை வேண்டும். இவ்வியத்தகு பயன் ஈரக்காற்றில் உலர் உராய்வில் கிடைத்தது. வெற்றிடத்திலும், உலர் நைட்ரசனிலும், நீரில் மூழ்கிய நிலையிலும் செய்த சோதனைகளில் தேய்மானம் பெரிதும் மிகுந்தது. குழாய் உறையின் உட்பரப்போ எந்நேரமும் நீர்மத்தில் நனைந்திருப்பது. அதனைத் தேய்ப்பது மெருகிட்ட எஃகன்று, பாய்மத்தில் மிதந்துவரும் கூர்மணல் அல்லது படிகங்கள். ஆகவே 3000 மடங்கு என்னும் எண்ணைக் குழாய்க்கு உரியதாக எடுத்துரைப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. குழாய்க்குப் பொருந்துவது அவ்வெண் அன்று; இடைமுகத்தில் பிணைப்பு உருவானால்தான் பயன் விளையும் என்னும் கொள்கையே.

7. கலத்தலும் பரப்பலும்

இடைமுகம் நன்கமைய முதலில் துகள்கள் பிரிந்து பரவ வேண்டும். உருகிய பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன் பாய்வதில்லை. 380 பாகையில் அதன் பாகுநிலை, அறைவெப்பநிலை நீரினதைப் போல் பத்து இலட்சம் கோடி மடங்குக்கும் மிகுதி. எனவே உருக்கிக் கலக்கும் வழி இதற்கு அடைபட்டது. தூளாகவோ பால்மமாகவோ கலந்து, அழுத்தி உருவாக்கி, உருகுநிலையாகிய 327 பாகைக்கு மேல் சூடாக்கித் தூள்மணிகளை ஒன்றிணைக்க வேண்டும்.

தூள்முறையில் பலபடி மணிகள் பத்துக்கணக்கான மைக்ரோமீட்டர் அளவின. அவற்றோடு கலந்த நானோதுகள்கள் மணிகளின் மேற்பரப்பில் மாவு பூசியதுபோல் படிகின்றன; மணிகளுக்குள் புகுவதில்லை. சூடாக்கிய பின் அவை மணிகளின் எல்லைகளில் வலைப்பின்னலாக எஞ்சும். பலபடியோடு பிணைந்த வலைப்பின்னல் காப்பாகும். பிணையாத வலைப்பின்னலோ உட்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை தொடரும் நுண்வழியாகும். பால்மமுறையில் பலபடித் துகள் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் அளவினதாகையால், நானோதுகள் கூழ்மத்தோடு கலந்து ஒருசேரத் திரியச் செய்கையில் சீரான பரவல் பெறலாம்.

பி.வி.டி.எஃப்., பி.எஃப்.ஏ. முதலியவற்றை உருக்கியே கலக்கலாம். ஆனால் அங்கும் தடை உண்டு. களிமண் தகடுகளைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படும் கரிம அம்மோனிய உப்புகள் ஏறத்தாழ 200 பாகை அளவிலேயே சிதையத் தொடங்குகின்றன, பி.எஃப்.ஏ. 300 பாகைக்கு மேலேதான் உருகுகிறது. சிதைவில் தோன்றும் அமீன்கள் பி.வி.டி.எஃப். சங்கிலியிலிருந்து ஹைட்ரசன் ஃபுளூரைடை நீக்கி அதனை நிறம் மாற்றி நொறுங்கச் செய்யும் தன்மையுடையன. துகளைப் பிரிக்கச் சேர்த்த துணைப்பொருளே உறையைக் கெடுக்கக்கூடும். ஆகவே சிலிக்காத் துகள்களுக்கு ஃபுளூரின் அடங்கிய சிலேன்களால் மேற்பூச்சிடுதல் போன்ற வெப்பந்தாங்கும் முறைகள் நாடப்படுகின்றன.

8. பாய்மத்திற்கேற்ற துகள்

உறைக்குள் சேரும் துகளும் குழாயில் ஓடும் பாய்மத்தைச் சந்திக்க நேரும். சிலிக்காவும் களிமண்ணும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைவன; வெப்பமான வலிய காரங்களிலும் தாக்குறுவன. கால்சியம் கார்பனேட்டு எந்த அமிலக் குழாய்க்கும் ஆகாது. ஆல்ஃபா அலுமினா பல அமிலங்களைத் தாங்கும். கார்பன் நுண்குழல்களும் கிராஃபீனும் பெரும்பாலானவற்றைத் தாங்கினும், சூடான அடர் நைட்ரிக் அமிலம் போன்ற வலிய ஆக்சிசனேற்றிகளால் பாதிக்கப்படும். துகள் கரைந்தால் அது இருந்த இடம் வெற்றிடமாகும். அனைத்துப் பாய்மங்களுக்கும் ஏற்ற ஒரே வலுவூட்டி இல்லை என்பது இதனால் பெறப்படும்.

கார்பன் வகைத் துகள்களுக்கு இன்னொரு விளைவும் உண்டு. சிறிதளவிலேயே அவை ஒன்றையொன்று தொட்டு மின்கடத்தும் பின்னலாகின்றன. எரியக்கூடிய கரைப்பான்கள் பாயும் குழாயில் நிலைமின்னூட்டம் தேங்காமல் வடிவதற்கு இது பெருநன்மை. ஆனால் உறையில் நுண்துளை உள்ளதா என அறியத் தொழிலகங்கள் கையாளும் வழக்கமான சோதனை, உயர்மின்னழுத்தப் பொறிச் சோதனையாகும். காப்பானாகிய உறையில் துளையுள்ள இடத்தில் மட்டும் எஃகுக்குப் பொறி பாயும் என்பதே அதன் அடிப்படை. உறையே மின்கடத்தியானால் அச்சோதனை பொருளிழக்கும். ஒரு பண்பைக் கூட்டுகையில் அப்பண்பைச் சார்ந்திருந்த பாதுகாப்பு முறையும் மாற வேண்டும் என்பது இங்குப் பெறப்படும் படிப்பினை.

நானோதுகள்கள் தீர்க்காத சிக்கலையும் குறிப்பிடுதல் தகும். முன்னர்க் கண்ட 36 மில்லிமீட்டர் விரிவு, பருமனில் 2 விழுக்காடு துகள் சேர்ப்பதால் பெரிதாகக் குறையாது. விரிவு பெரும்பாலும் பலபடியின் பருமனைச் சார்ந்தது. எனவே முனை மடிப்பு, போக்குத் துளை, நீராவியும் தண்ணீரும் மாறி மாறிப் பாய்ச்சும் சுழற்சிச் சோதனை ஆகிய பழைய பொறியியல் ஏற்பாடுகளின் தேவை நானோதுகள்களால் நீங்கிவிடாது.

9. கலைச்சொல்லும் பாதுகாப்பும்

மேற்கண்ட செய்திகள் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு இரண்டு வரையறைகளை வேண்டி நிற்கின்றன.

முதலாவது, 'நிரப்பி', 'வலுவூட்டி' என்னும் இரண்டும் ஒருபொருட் சொற்களாக வழங்குதல் கூடாது. நிரப்பி என்பது இடத்தை அடைப்பது. வலுவூட்டி என்பது சுமையை ஏற்பது. ஒரே அலுமினாத் துகள், பிணையாதபோது நிரப்பியாகவும் பிணைந்தபோது வலுவூட்டியாகவும் அமைகிறது. பெயர் துகளுக்கு உரியதன்று. அது இடைமுகத்தில் ஆற்றும் தொழிலுக்கு உரியது. காரணப்பெயராகிய இவ்விரு சொற்களையும் அவற்றின் காரணமறிந்து வேறுபடுத்துவது தமிழுக்கு எளிது.

இரண்டாவது, 'கசிவு', 'ஊடுபுகல்' என்னும் இரண்டின் வேறுபாடு. கசிவு என்பது துளை, பிளவு ஆகியவற்றின் வழியே பாய்மம் வெளியேறுவது. அது குறைபாட்டின் அடையாளம். ஊடுபுகல் என்பது குறையற்ற பொருளின் ஊடாக மூலக்கூறுகள் விரவுவது. அது பொருளின் இயல்பு. கையேடொன்று இரண்டையும் 'கசிவு' என்றே எழுதுமாயின், போக்குத் துளையில் சிறிது ஆவியைக் காணும் பணியாளர் கசிவை நிறுத்துவதாக எண்ணி அத்துளையை அடைத்துவிடக்கூடும். அல்லது வண்ணம் பூசும்போது அத்துளை தேவையற்றதெனக் கருதி மூடிவிடக்கூடும். அப்போது தேங்கும் வளிமம் உறையை உள்நோக்கி நொறுக்கும். எஃகு நேரடியாக அமிலத்திற்கு இரையாகும். இதற்கு மாறாக, துளையில் நீர்மம் சொட்டுமாயின் அஃது உண்மையான கசிவு. குழாயை உடனே நிறுத்த வேண்டும். முன்னதில் துளையைத் திறந்துவைப்பதும் பின்னதில் பாய்வை நிறுத்துவதும் உயிர்காப்பன. சொல்லின் எல்லை தெளிவாக இல்லையேல் செயலின் எல்லையும் தெளிவாக இராது.

10. சூழல் நோக்கு

ஃபுளூரோபலபடிகள் பற்றிய எந்த ஆய்வும் இன்று சூழல் வினாவைத் தவிர்க்க இயலாது. இவற்றின் உற்பத்தியில் முன்னர்த் துணைப்பொருளாகப் பயன்பட்ட பெர்ஃபுளூரோஆக்டனாயிக் அமிலம், மண்ணிலும் நீரிலும் உயிருடலிலும் நிலைத்துநிற்பதால் 2019ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செர்மனி, நெதர்லாந்து, டென்மார்க்கு, சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள், ஃபுளூரோபலபடிகளையும் உள்ளடக்கிய இப்பெருங்குடும்பச் சேர்மங்களுக்குப் பரந்த கட்டுப்பாடு விதிக்கும் முன்மொழிவை ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் அளித்தன.

இச்சூழலில் நானோ வலுவூட்டல் இருமுகம் கொண்டது. உறையின் ஆயுள் நீளுமாயின், அதே பணிக்குக் குறைந்த அளவு ஃபுளூரோபலபடி போதும். மாற்றீடு அரிதான இடங்களில் இது மதிக்கத்தக்க பயன். மறுபுறம், துகள் கலந்த உறையைத் தூய பிசினாக மீட்டெடுப்பது கடினமாகிறது. உறை தேயும்போது துகள்கள் பாய்மத்தில் கலக்கும் வாய்ப்பும் எழுகிறது. இடைமுகப் பிணைப்பு வலிதாக இருப்பது இங்கும் வேண்டப்படுகிறது. பிணைந்த துகள் எளிதில் உதிராது.

11. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஃபுளூரோபலபடியின் வினைபுரியாமை குழாயைக் காக்கிறது; அதுவே எஃகுடனும் துகளுடனும் பிணைவதற்குத் தடையாகவும் நிற்கிறது. நானோதுகளின் பெரும்பரப்பு, பிணைப்பு உள்ளவிடத்து வலிமையையும் இல்லாவிடத்து நுண்வழிகளையும் பெருக்குகிறது. ஊடுபுகலைத் தடுக்கத் தகட்டு வடிவத் துகள்களும், தேய்மானத்தைத் தடுக்கப் பரப்பில் பிணையவல்ல துகள்களும் ஏற்றன. பாய்மத்தின் இயல்பறியாமல் துகளைத் தேர்ந்தால் உறை உள்ளிருந்தே சிதையும். உலர் உராய்வில் பெற்ற எண்களை நனைந்த குழாய்க்கு உரியனவாகக் கொள்ளுதல் கூடாது. புதிய உறையைப் பழைய சோதனையால் மட்டும் அளத்தலும் கூடாது.

எனவே ஒரு நானோ உறையை மதிப்பிடுவோர், எத்தனை விழுக்காடு துகள் சேர்க்கப்பட்டது என்று கேட்பதற்கு முன், அத்துகள் பலபடியுடன் எவ்வாறு பிணைந்துள்ளது, அப்பிணைப்பு குழாயில் ஓடும் பாய்மத்தில் நீண்டகாலம் நனைந்த பின்னும் நிலைக்கிறதா என்று கேட்டல் வேண்டும். அவ்வினாக்களைத் தமிழில் ஐயத்துக்கு இடமின்றி எழுப்பவும் விடையளிக்கவும் உதவும் வரையறுத்த சொற்களை உருவாக்குவது, பொருளறிவியலாரும் தமிழாய்வாளரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.